கடைசி வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு: சைக்ளோகிராஸ் அனுபவம்

புல்லிலும் சேற்றிலும் ஓட்டுகிற சைக்கிள் ரேஸ்தான் சைக்ளோகிராஸ், அதில் கடைசியாக வந்தாலும் ரேஸ் ஓட்டின மாதிரியே இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ரேஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே "நமக்கெதுக்கு அதெல்லாம்" என்று ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். நானும் ஞாயிறு காலையில் நண்பர்களோடு ரோட்டில் நிதானமாக மிதித்துவிட்டு டீ குடித்துத் திரும்புகிற ஆளாகத்தான் இருந்தேன். ரோடு ரேஸில் கூட்டத்தை விட்டுப் பின்தங்கிவிட்டால் அவ்வளவுதான், எதிர்க்காற்றில் தனியாக மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இங்கே அப்படி நடக்காது. ஒரு பூங்காவிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ நாடா கட்டிப் பாதை போடுவார்கள், ஒரு சுற்று இரண்டரை முதல் மூன்றரை கிலோமீட்டர், அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். தூரம் கணக்கில்லை, நேரம்தான் கணக்கு. முதல் சுற்றுகள் ஓடிய நேரத்தைப் பார்த்து நடுவர்கள் இன்னும் எத்தனை சுற்று என்று பலகையில் போடுவார்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். முன்னால் போகிறவர் கோட்டைத் தாண்டியதும் பின்னால் இருக்கிற எல்லோருக்கும் தாங்கள் ஓட்டிக்கொண்டிருக்கிற சுற்றோடு ரேஸ் முடிந்துவிடும். ஆக, இரண்டு சுற்று பின்தங்கியவரும் ஜெயித்தவரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில்தான் இறங்குவார்கள். பின்வரிசையில் கிடந்தாலும் பத்து மீட்டர் முன்னால் ஒருவர் தெரிவார், பத்து மீட்டர் பின்னால் ஒருவர் மூச்சு வாங்குவது கேட்கும். அந்த இரண்டு பேரும்தான் அன்றைக்கு உங்கள் ரேஸ்.

உலகக் கோப்பை மாதிரியான பெரிய போட்டிகளில் மட்டும் கொஞ்சம் கறார். முதல் சுற்றில் முன்னவர் எடுத்த நேரத்தில் 80 சதவீத அளவுக்குப் பின்தங்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். நான் ஓட்டுகிற வட்டார லீக்கில் யாரும் யாரையும் வெளியே எடுப்பதில்லை. சுற்று முந்திப் போகிறவர்கள் "வலது பக்கம் வர்றேன்" என்று குரல் கொடுப்பார்கள், நீங்கள் திடீரென்று ஒதுங்காமல் உங்கள் வழியில் நேராகப் போனாலே போதும்.

நான் இருப்பது இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸ். ரவுண்டானாக்களுக்குப் பெயர்போன இந்த ஊருக்குச் சைக்ளோகிராஸில் ஒரு பெருமை உண்டு: பிரிட்டனில் நடந்த முதல் உலகக் கோப்பைப் பந்தயம் 2014 நவம்பரில் இங்கே கேம்பெல் பார்க்கில்தான் நடந்தது. இந்த நாட்டில் செப்டம்பரில் ஆரம்பித்து ஜனவரி வரை, ஏறத்தாழ ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது ஒரு லீக் ரேஸ் இருக்கும். காலையில் சின்னப் பிள்ளைகள், அப்புறம் பெண்கள், 40 வயது தாண்டியவர்கள், மற்றவர்கள் என்று பிரித்து ஓட்டுவார்கள், வரிசை இடத்துக்கு இடம் மாறும். பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு ஒரு மணி நேரம், பெண்களுக்கு 50 நிமிடம். வட்டார அளவில் என் மாதிரி வயசாளிகளுக்கு அதைவிடக் குறைவு. குறைவு என்று அலட்சியம் வேண்டாம், முழு நேரமும் இதயம் தொண்டையில்தான் இருக்கும்.

வரலாற்றை இரண்டே வரியில் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கும் உங்கள் முதல் ரேஸுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. பிரான்சில் தானியேல் கூஸோ என்ற ராணுவ வீரர் 1902-ல் அந்நாட்டின் முதல் தேசியப் போட்டியை நடத்தினார். 1910-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த ஒக்டாவ் லாபீஸ், குளிர்காலத்தில் வயல் வரப்பில் ஓட்டியதுதான் தனக்குக் கை கொடுத்தது என்று சொல்லப்போக, மற்றவர்களும் சேற்றில் இறங்கினார்கள். முதல் உலகச் சாம்பியன் போட்டி 1950-ல். அதன் பிறகு இந்த விளையாட்டைப் பெல்ஜியத்துக்காரர்கள், அதிலும் பிளாண்டர்ஸ் பகுதியினர், தங்கள் வீட்டு விசேஷம் போல ஆக்கிக்கொண்டார்கள்.

சரி, சைக்கிள். முதல் ரேஸுக்காகச் சைக்கிள் வாங்காதீர்கள். எத்தனை பேர் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். வீட்டில் மவுண்டன் பைக் இருந்தால் போதும், பெரும்பாலான வட்டார லீக்குகளில் அனுமதி உண்டு, ஆனாலும் பதிவு செய்வதற்கு முன் ஒரு முறை விதிகளைப் பார்த்துவிடுங்கள். ஹேண்டில்பாரின் முனையில் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பிடி இருந்தால் கழற்ற வேண்டும், நெரிசலில் அது இன்னொருவரைக் குத்தும். மட்கார்டு, லைட், சீட்டுப் பை, பாட்டில் கூடு எல்லாம் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். பாட்டில் கூட்டைக் கழற்றச் சொன்னால் பலர் தயங்குவார்கள், தண்ணீர் வேண்டாமா என்று. இந்தக் குளிரில் முக்கால் மணி நேரத்துக்குத் தண்ணீர் தேவைப்படாது, குடிக்கக் கை விடுகிற இடமும் பாதையில் இருக்காது, சைக்கிளைத் தோளில் போடும்போது அந்தக் கூடு விலாவில் இடிக்கும்.

கிராவல் பைக், அதாவது மண் சாலையிலும் ஓட்டுகிற ரோடு சைக்கிள், வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள், அப்படியே வரலாம். நிஜ சைக்ளோகிராஸ் பைக்கில் பெடல் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், வளைவில் சட்டென்று திரும்பும், டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே சேறு வெளியேற இடைவெளி விட்டிருப்பார்கள். சர்வதேசப் போட்டியில் டயர் அகலம் 33 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, நடுவர் அளந்து பார்ப்பார். எங்கள் ஞாயிற்றுக்கிழமை ரேஸில் யாரும் அளவுகோலோடு வருவதில்லை. பிறகு இது பிடித்துப்போய் வாங்குவதென்றால், டிஸ்க் பிரேக்கும் முன்னால் ஒற்றைப் பல்சக்கரமும் உள்ள பழைய அலுமினிய பைக் ஒன்றைத் தேடுங்கள். சீசன் முடிந்ததும் பிப்ரவரி, மார்ச்சில் நிறைய விற்பனைக்கு வரும்.

சைக்கிளுக்குச் செலவழிக்காத பணத்தில் கொஞ்சத்தை இரண்டு சாமான்களில் போடலாம். ஒன்று, இரண்டு பக்கமும் ஷூவை மாட்டக்கூடிய மவுண்டன் பைக் பெடலும் அதற்கான ஷூவும். ரோடு ஷூவில் சேற்றில் ஓட முடியாது, அடியில் சேறு அடைத்துக்கொண்டால் பெடலில் மாட்டவும் மாட்டாது. இரண்டாவது, டயரில் காற்று எவ்வளவு என்று காட்டும் நல்ல மானி. பம்பில் இருக்கிற முள்ளை நம்ப வேண்டாம், கீழ் அளவுகளில் அது சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

காற்றழுத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். எங்கள் கிளப்பில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருக்கிறார், என்னைவிட இளையவர், என்னைவிட ரொம்ப வேகம். ரேஸ் தொடங்குவதற்கு முன் என் டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இன்னும் காத்தை இறக்குங்கோ. இது றோட்டு இல்லை" என்பார். இறக்குவேன். மறுபடி அமுக்கிப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்பார். ரோட்டில் பழகிய கைக்கு இது மனசுக்கு ஒப்பாது. ஆனால் புல்லிலும் சேற்றிலும் பிடிப்பு என்பது டயர் தரையில் எவ்வளவு பரந்து படிகிறது என்பதைப் பொறுத்தது. 33 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயர், 70 கிலோ ஆள் என்றால் 25 பி.எஸ்.ஐ. பக்கத்தில் ஆரம்பிக்கலாம், ஈரம் அதிகமானால் இன்னும் இரண்டு மூன்று குறைக்கலாம். உள்ளே ட்யூப் போட்டிருந்தால் அவ்வளவு இறக்க முடியாது, வேரிலோ கல்லிலோ ரிம் இடித்து ட்யூப் இரண்டு இடத்தில் கிழியும். அதற்கு 30-க்கு மேல் வைத்துக்கொண்டு, தடங்கல் வரும் இடத்தில் உடம்பைத் தூக்கிக்கொள்ளுங்கள். சரியான அளவு எது என்றால், பயிற்சிச் சுற்றில் ஒரு இடத்திலாவது ரிம் தரையை லேசாகத் தொடுவது தெரிய வேண்டும். ஒரு தடவைகூடத் தொடவில்லை என்றால் காற்று அதிகம், அடிக்கடி இடித்தால் குறைவு. இதை வீட்டில் கணக்குப் போட்டுக் கொண்டுபோக முடியாது, அங்கே போய், அந்த மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சேற்றிலும் வகை இருக்கிறது. தண்ணீராக ஓடுகிற சகதி பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் சக்கரத்தில் ஒட்டாது. அரைகுறையாகக் காய்ந்து புல்லோடு சேர்ந்த களிமண் இருக்கிறதே, அதுதான் எமன், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் அடைத்துச் சக்கரத்தையே நிறுத்திவிடும்.

அடுத்தது இறங்கி ஏறுவது. சைக்ளோகிராஸ் என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் காட்சி, பலகையைத் தாண்டச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. விதிப்படி அந்தப் பலகை 40 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, இரண்டு பலகைகள் நான்கு மீட்டர் இடைவெளியில் இருக்கும். பெல்ஜியத்தின் ஸ்வென் நீஸ் மாதிரி ஆட்கள் இறங்காமலே தாவிப் போனவர்கள். நாம் இறங்குவோம்.

எப்போதும் இடது பக்கம்தான் இறங்க வேண்டும், செயின் வலது பக்கம் இருப்பதால். முதலில் வலது காலைப் பெடலிலிருந்து கழற்றி, சீட்டுக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து, இடது பெடலில் மட்டும் நின்றபடி சைக்கிளோடு உருளுங்கள். இரண்டு மூன்று விநாடி அப்படியே உருளப் பழகினாலே பாதி வேலை முடிந்தது. வலது கை ஹேண்டிலிலிருந்து சட்டத்தின் மேல் குழாய்க்கு வரும், இடது கை ஹேண்டிலில் இருக்கும். கடைசி நொடியில் இடது காலைக் கழற்றி, இறங்கி, ஓட்டம். இதில் ஒரு சின்ன விஷயம்: நம் ஊரிலும் பிரிட்டனிலும் முன் பிரேக் வலது கையில்தான், அதனால் இறங்கும் நேரத்தில் ஹேண்டிலில் மிஞ்சியிருக்கும் இடது கை பின் பிரேக்கைத்தான் பிடிக்கும். ஐரோப்பாவில் வாங்கிய சைக்கிள் என்றால் அது மாறியிருக்கும், முன் பிரேக்கைப் பிடித்துவிட்டுத் தலைகுப்புறப் போவீர்கள். எது எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதுதான் ஆண்களுக்கெல்லாம் கிலி. பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை, சீட்டின் மேல் குதித்து உட்காரக் கூடாது, வலது தொடையின் உள்பக்கம் சீட்டில் பட்டு அப்படியே வழுக்கி உட்கார வேண்டும். உயரத் தாவினால்தான் வலிக்கும், முன்னோக்கிப் போனால் வலிக்காது. முதலில் நடந்துகொண்டே செய்து பாருங்கள், அப்புறம் மெதுவோட்டம். புல்தரை உள்ள ஒரு பூங்காவில், வாரத்தில் ஒரு சாயங்காலம் இருபது நிமிடம், இறங்கு ஏறு இறங்கு ஏறு. நாயோடு நடைபோகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பார்க்கட்டும். கால் வலுவுக்கு மாதக்கணக்கில் பயிற்சி செய்து கிடைப்பதைவிட அதிக நேரம் இந்த இருபது நிமிடத்தில் மிச்சமாகும், ஏனென்றால் ஒவ்வொரு சுற்றிலும் இதே இடம் திரும்ப வரும்.

பலகைக்குச் சைக்கிளை மேல் குழாயில் பிடித்துத் தூக்கினால் போதும். நீளமான ஏற்றம், படிக்கட்டு என்றால் தோளில் போட வேண்டும். வலது கையைச் சட்டத்துக்குள் விட்டு, குனிந்து, மேல் குழாயைத் தோளில் ஏற்றி, அதே கையால் ஹேண்டிலின் இடது வளைவைப் பிடித்தால் சைக்கிள் ஆடாது. எப்போது ஓட்டுவது, எப்போது இறங்கி ஓடுவது? ஓட்ட முடிகிறதா என்பது கேள்வியே இல்லை, ஓடுவதைவிட வேகமாகப் போக முடிகிறதா என்பதுதான் கேள்வி. சேற்றில் நெளிந்து நெளிந்து மூச்சைத் தொலைத்து மேலே போய்ச் சேர்வதற்குள், பக்கத்தில் ஒருவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தே முந்திப் போவார்.

வளைவுகளைப் பற்றி. ரேஸ் நாளில் பயிற்சிக்கு நேரம் ஒதுக்கியிருப்பார்கள், அதில் இரண்டு சுற்றாவது கட்டாயம் போங்கள். முதல் சுற்று பார்ப்பதற்கு, நிதானமாக. இரண்டாவதில் வேகத்தைக் கூட்டிப் பாருங்கள். எல்லோரும் போன தடம் பளபளவென்று வழுக்கும், அதற்கு அரை மீட்டர் வெளியே நாடாவை ஒட்டி மிதிபடாத புல் இருக்கும், பல சமயம் அங்கேதான் பிடிப்பு. சரிவுக்குக் குறுக்கே போகிற பாதைகள் உண்டு, மேடு ஒரு பக்கம் பள்ளம் ஒரு பக்கம். அங்கே பள்ளத்துப் பக்கக் காலைக் கீழே வைத்து அந்தப் பெடலில் முழு எடையையும் போடுங்கள், மேட்டுப் பக்கக் காலை வேண்டுமானால் கழற்றித் தரைக்கு மேலே தயாராக நீட்டிக்கொள்ளலாம். முன் பிரேக்கைத் தொடாதீர்கள். பார்வை எங்கே போகிறதோ சைக்கிளும் அங்கேதான் போகும், பள்ளத்தில் நிற்கும் மரத்தைப் பார்த்தால் மரத்துக்கே போவீர்கள்.

மணல் எங்கள் பக்கம் அதிகம் கிடையாது. அதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் பெல்ஜியம் போக வேண்டும். பிரான்சின் கலே துறைமுகத்தில் கப்பலிலிருந்து காரை இறக்கினால் ஒரு மணி நேரத்தில் கொக்ஸைடெ வந்துவிடும், கடலோர மணல்மேடுகளுக்குள்ளேயே பாதை. டிக்கெட் வாங்கி, கையில் ஃபிரைஸ் பொட்டலத்தோடு மேட்டின் ஓரத்தில் நின்று பார்த்தேன். மணலுக்குள் வரும் முன்பே பெரிய கியருக்கு மாறிவிடுகிறார்கள், எடை பின்னால், கைகள் தளர்ந்து கிடக்கின்றன, சக்கரம் முன்னால் போனவரின் தடத்தைத் தானே தேடிக்கொள்கிறது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தவர்கள்தான் விழுந்தார்கள். 2025-ல் பிரான்சின் லியேவானில் நெதர்லாந்து வீரர் மத்தியூ வான் டெர் பூல் ஏழாவது உலகப் பட்டத்தை வென்று எரிக் டி விளாமிங்கின் பழைய சாதனையைத் தொட்டபோது எல்லோரும் அவருடைய காலின் பலத்தைப் பேசினார்கள், எனக்கென்னவோ அவருடைய கைகள்தான் கண்ணில் நிற்கின்றன. பெண்களில் மரியான் வோஸ் எட்டுப் பட்டம், அதைத் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும். இன்னும் ஆசை உள்ளவர்கள் நவம்பர் 1-ஆம் தேதி கொப்பன்பெர்க் போய்ப் பாருங்கள். ரோடு ரேஸில் பெரிய பெரிய ஆட்கள் இறங்கித் தள்ளுகிற அதே குன்றின் புல்வெளியில் ஏற்றி இறக்கி ஓட்டவிடுவார்கள்.

தொடக்கம் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சொல்லி வைக்கிறேன். லீக் புள்ளிகளின்படி வரிசை கட்டி நிறுத்துவார்கள், புதியவர்கள் கடைசியில். விசில் ஊதியதும் முன்வரிசை ஏதோ நூறு மீட்டர் ரேஸ் மாதிரிப் பாயும், காரணம் முதல் வளைவில் பாதை சட்டென்று குறுகும், அங்கே முதலில் நுழைகிறவருக்கு வழி, மற்றவர்களுக்கு நெரிசல். பின்னால் இருக்கிற நாம் எவ்வளவு பாய்ந்தாலும் அந்த நெரிசலில் போய் நிற்கத்தான் போகிறோம், நிஜமாகவே ஒரு காலை ஊன்றி நிற்க வேண்டிவரும். ஆகவே பாய வேண்டாம். கொஞ்சம் இடைவெளி விட்டு, ஓரமாக, உருளுகிற வேகத்தை விடாமல் வாருங்கள். முதல் சுற்றில் உயிரைக் கொடுத்தவர்கள் மூன்றாவது சுற்றில் வெளுத்துப்போய்த் திரும்ப வருவார்கள், அப்போது ஒவ்வொருவராகத் தாண்டுவதில் இருக்கிற சந்தோஷம் தனி.

கூட்டம் கத்தும். மாட்டு மணி அடிப்பார்கள், கிண்டல் செய்வார்கள், ஆனால் கடைசியில் வருகிறவருக்குத்தான் சத்தம் அதிகம். சாப்பாடு விஷயம் எளிது, ரேஸுக்கு மூன்று மணி நேரம் முன்னால் வழக்கமான காலைச் சாப்பாடு, எனக்கு இட்லிதான் ஒத்துக்கொள்கிறது, அப்புறம் ஒரு வாழைப்பழம். உடை மட்டும் கவனம்: நிற்கும்போது குளிரடிக்க வேண்டும். கதகதப்பாக நின்றீர்கள் என்றால் ஒரே சுற்றில் வியர்த்து ஊறிப்போவீர்கள். மழை ஜாக்கெட்டைத் தொடக்கக் கோட்டில் யாரிடமாவது கழற்றிக் கொடுத்துவிடுங்கள்.

முடிந்த பிறகுதான் அசல் வேலை. நின்ற ஐந்தாவது நிமிடம் உடம்பு நடுங்க ஆரம்பிக்கும், ஆகவே சைக்கிளைப் பார்க்காமல் முதலில் உடை மாற்றுங்கள். காரில் பெரிய குப்பைப் பை இரண்டு, பழைய துண்டு, ஒரு கேன் தண்ணீர், பிளாஸ்கில் டீ, தடித்த காலுறை. அப்புறம் சைக்கிள். சேறு காயும் முன் கழுவினால் தோட்டத்துக்கு மருந்தடிக்கிற கைப்பம்பே போதும், காய்ந்துவிட்டால் சுரண்ட வேண்டும். பிரஷர் வாஷர் இருந்தால் பேரிங் இருக்கும் இடங்களில் நேராக அடிக்காதீர்கள், கிரீஸ் போய்த் தண்ணீர் உள்ளே நிற்கும். செயினைத் துடைத்து அன்றைக்கே எண்ணெய் விடுங்கள். பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள், மணல் கலந்த ஈரச் சேற்றில் ரெசின் பேட் ஒரே ரேஸில் தேய்ந்து இரும்பு தெரிந்துவிடும், நவம்பருக்கு மேல் உலோகத்தூள் கலந்த பேடுக்கு மாறிவிடுங்கள், சத்தம் போடும், ஆனால் தாங்கும். உடுப்பை வாளியில் அலசி, அலசின தண்ணீர் தெளிந்த பிறகுதான் மெஷினுக்குள் போட வேண்டும். எங்கள் வீட்டில் இது சட்டம், யார் போட்ட சட்டம் என்று சொல்லத் தேவையில்லை.